நிற்கத் தெரிந்த செல்



அழைப்பிதழில் ‘மரபணுக்களும் செல் வளர்ச்சியும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கான கூட்டம் என்று நினைத்துச் சிலர் வராமல் போயிருக்கலாம். உண்மையில் இது நம் வீட்டுச் சங்கதி. கண்புரைக்கு அறுவை செய்துகொண்ட பாட்டி, சர்க்கரை ஏறி கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியப்பா, கைக்குழந்தையைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும் இளம் தாய், எல்லோரும் இந்தப் பேச்சுக்குள் வருவார்கள்.

முதலில் ஒரு கேள்வி. நாம் எல்லோரும் ஒற்றைச் செல்லாகத் தொடங்கியவர்கள். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி, இன்று உங்கள் உடம்பில் ஏறத்தாழ 37 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக ஒரு கணக்கு உண்டு. எல்லாச் செல்லுக்கும் கையில் இருப்பது ஒரே ஏடு. புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. ஈரல் செல்லுக்கும் அதே 20,000, கண் செல்லுக்கும் அதே 20,000. அப்படியென்றால் ஒன்று ஈரலானது யார் சொல்லி? ஒன்று கண்ணானது யார் சொல்லி? இதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. பெருகிக்கொண்டே இருந்த செல், ஒரு நாள் பெருகுவதை நிறுத்தியது யார் சொல்லி?

வளர்ச்சியைத்தான் நாம் அதிசயம் என்கிறோம். என் கட்சி வேறு. பெருகுவது செல்லுக்குப் பழக்கமான காரியம். பாக்டீரியா முந்நூறு கோடி ஆண்டுக்கும் மேலாக அதைச் செய்கிறது. நிற்பதுதான் அரிது. நின்ற செல்தான் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளும். நிற்கத் தெரியாத செல் எந்தத் தொழிலும் கற்காது, கடைசியில் குடியிருக்கும் வீட்டையும் இடித்துவிடும். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றுதான்.

இதைச் சொல்ல உடம்பின் எந்தப் பகுதியை எடுப்பது? மதுரையில் நின்று பேசும்போது கண்ணைத் தவிர வேறு எதை எடுப்பது! 1976-இல் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லத் தேவையில்லை. அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன். நாகமலைக்கு அப்பால் பல்கலை நகரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து உயிரியல் புலத்தில் நோய் எதிர்ப்பியலை வளர்த்தவர். பின்னாளில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வை வழிநடத்தியவர். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைப் பின்தொடர்ந்தாலே நம் பொருள் முக்கால்வாசி வந்துவிடும்.

1965-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒன்று, எலிக்கருவின் கண் லென்ஸ் எப்படி உருவாகிறது என்பதைக் கருவுக்கு வெளியே, கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்தது. 1970-இல், நம் வேலியோரத்து ஓணான் இருக்கிறதே, கல்லால் அடித்து விளையாடுவோமே, அந்த ஓணான் முட்டைக்குள் வளரும் விதத்தைச் சகாக்களோடு சேர்ந்து 42 கட்டங்களாகப் பிரித்து எழுதினார். ஓணான் கருவை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தக் கட்ட எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய விஞ்ஞானத்துக்குப் பெரிய மிருகம் வேண்டியதில்லை.

லென்ஸுக்கு வருவோம். கருவுக்கு நாலைந்து வாரம் ஆகும்போது மூளையின் இரு பக்கமும் இரண்டு புடைப்புகள் கிளம்புகின்றன. அவை வெளியே நகர்ந்து மேல்தோலின் உட்பக்கத்தைத் தொடுகின்றன. தொட்ட இடத்தில் தோல் தடிக்கிறது, குழிகிறது, கிள்ளியெடுத்த மாதிரி உள்ளே விழுகிறது. அதுதான் லென்ஸ். தோலாக இருந்திருக்க வேண்டிய செல் லென்ஸ் ஆனது யார் சொல்லி? ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமான் 1901-இல் தவளைக் கருவில் அந்த மூளைப் புடைப்பை அழித்துப் பார்த்தார். லென்ஸ் வரவில்லை. அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லியிருக்கிறார்! எலியிலும் அந்தப் பக்கத்துத் திசுவின் தூண்டல் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முத்துக்கருப்பன் எடுத்த கேள்வி.

பக்கத்துத் திசு வாய் திறந்தா பேசுகிறது? புரதங்களை வெளியே விடுகிறது. எஃப்.ஜி.எஃப். என்று ஒரு குடும்பம், பி.எம்.பி. என்று ஒரு குடும்பம். அந்தப் புரதம் அடுத்த செல்லின் தோலில் இருக்கும் ஏற்பியில் வந்து உட்காருகிறது. ஏற்பியின் உள்முனை விழித்துக்கொள்கிறது. அது ஒரு புரதத்தைத் தட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் செய்தி உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. சமிக்ஞைப் பாதை என்று பாடப்புத்தகத்தில் பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான். கேட்கிற செல்லும் தயாராக இருக்க வேண்டும். பேக்ஸ்-6 என்ற மரபணு அங்கே ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். இந்த மரபணுவின் செல்வாக்கைக் கேளுங்கள்: 1995-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங்கின் குழு, பழ ஈயில் இதற்கு இணையான மரபணுவைக் கால் வளரும் இடத்தில் திறந்துவிட்டது. ஈயின் காலில் கண் முளைத்தது! எலியின் மரபணுவைக் கொடுத்தாலும் முளைத்தது; முளைத்தது எலிக் கண் அல்ல, ஈயின் கண். கண் செய் என்ற ஆணை பொதுவானது. எந்தக் கண் என்பது உள்ளூர்ப் பணியாளர் பொறுப்பு.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1989, சிட்னி நகரம். மெக்கவாய், சேம்பர்லேன் என்ற இருவர் எலி லென்ஸின் செல்களை எடுத்து எஃப்.ஜி.எஃப். கொடுத்தார்கள். கொஞ்சமாகக் கொடுத்தால் செல்கள் பிரிந்து பெருகின. இன்னும் கொஞ்சம் கூட்டினால் இடம் பெயர்ந்தன. மேலும் கூட்டினால் நீண்டு, நார் நாராகி, லென்ஸ் புரதம் செய்யத் தொடங்கின. ஒரே பொருள். அளவு மூன்று, பலன் மூன்று. நம் கண்ணுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் திரவத்தில் அந்தச் செய்தி குறைவு. பின்னால் இருக்கும் திரவத்தில் அதிகம். அதனால் முன்புறச் செல்கள் பெருகுகின்றன, விளிம்பைத் தாண்டிப் பின்னால் வந்தவை நார்களாகின்றன.

அந்த நார்ச் செல் செய்வதைப் பாருங்கள். பிரிவதை நிறுத்துகிறது. கிரிஸ்டலின் என்ற புரதத்தால் தன்னை நிரப்பிக்கொள்கிறது. பிறகு தன் உட்கருவையே கரைத்துவிடுகிறது. ஒளி தடையில்லாமல் போக வேண்டுமே! ஏட்டையே எரித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவருக்குத் திரும்பிப் போக வழி ஏது? உங்கள் லென்ஸின் நடுவில் இருக்கும் நார்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது உண்டானவை. மாற்று வரவே இல்லை. அறுபது எழுபது வயதில் அந்தப் புரதம் திரண்டு வெளுக்கும்போது கண்புரை என்கிறோம். புரையை எடுத்துவிட்டு, 1992-இல் இங்கே தொடங்கிய ஆரோலேப் செய்யும் லென்ஸைப் பொருத்துகிறோம். சிலருக்கு ஓராண்டு ஈராண்டு கழித்து மறுபடி மங்குகிறது. “மறுபடி புரை வந்துவிட்டது” என்று பதறி ஓடுவார்கள். புரை மறுபடி வரவில்லை. பழைய லென்ஸை மூடியிருந்த பையின் ஓரத்தில் ஒட்டியிருந்த முன்புறச் செல்கள் சில, பெருகும் பழக்கத்தை விடாமல், பின்புறம் ஊர்ந்து வந்து படிந்திருக்கின்றன. லேசர் சில நிமிடங்களில் வழிவிட்டுவிடும்.

சரி, நார்ச் செல் பெருகுவதை நிறுத்தியதே, அந்த ‘நில்’ எங்கிருந்து வந்தது?

இங்கேதான் நம் கதையின் நாயகன் வருகிறான். நாயகனை அறிமுகப்படுத்தியவர்கள் நோயுற்ற குழந்தைகள். விழித்திரைப் புற்றுநோய், ரெட்டினோபிளாஸ்டோமா. 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தை. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், பல சமயம் பேச்சு வரும் முன்பே. குழந்தை எதுவும் சொல்லாது. இருட்டில் கண்பாப்பா வெள்ளையாக, பூனைக் கண் போல மின்னும். சில குழந்தைக்கு மாறுகண்ணாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்பாப்பா சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழும். அந்தப் படத்தை அழகு பார்த்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். இந்த நோயைச் சீக்கிரம் பிடித்தால், வசதியான நாடுகளில் 95 சதவீதத்துக்கும் மேலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். நம் பக்கத்தில் உயிரைக் குடிப்பது நோயைவிடத் தாமதம்தான்.

1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆல்ஃபிரட் நட்சன் என்ற மருத்துவர் 48 குழந்தைகளின் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டார். அவரிடம் மரபணு வரிசை கிடையாது, இயந்திரம் கிடையாது. நோய் கண்டபோது குழந்தைக்கு என்ன வயது, ஒரு கண்ணா, இரு கண்ணா, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா என்ற விவரங்கள் மட்டும்தான். இரு கண்ணிலும் வந்த குழந்தைகளுக்கு நோய் முன்கூட்டியே வந்திருந்தது. ஒரு கண்ணில் வந்தவர்களுக்குத் தாமதமாக. வயதை வரைபடத்தில் குறித்தார். இரு கண் குழந்தைகளின் கோடு, ஒரே ஒரு விபத்து நடந்தால் போதும் என்றது. ஒரு கண் குழந்தைகளின் கோடு, இரண்டு விபத்து நடக்க வேண்டும் என்றது. காகிதமும் பென்சிலும் சொன்ன செய்தி!

எப்படி? ஏறக்குறைய எல்லா மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. மாடக்குளம் கண்மாய் மடையில் அடுத்தடுத்து இரண்டு அடைப்புப் பலகை போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உளுத்து விழுந்தாலும் மற்றது தண்ணீரைத் தாங்கும். வயலில் நிற்பவருக்கு ஒரு பலகை போனதே தெரியாது. இரண்டாவதும் போகிற அன்றுதான் தெரியும். சில குழந்தைகள் ஒரு பலகை இல்லாமலே பிறக்கிறார்கள். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் மீதி ஒன்றுதான். விழித்திரையில் பெருகிக்கொண்டிருக்கும் அத்தனை செல்களில் ஏதாவது ஒன்றில் இரண்டாவதும் பழுதாகிவிட வாய்ப்பு அதிகம். அதனால் இரு கண்ணிலும், சீக்கிரமாகவும் வருகிறது. மற்றக் குழந்தைகள் இரண்டோடும் பிறந்தவர்கள். ஒரே செல்லில் இரண்டும் அடுத்தடுத்துப் போவது அபூர்வம். அதனால் ஒரு கண்ணில், தாமதமாக.

பதினைந்து ஆண்டு கழித்து, 1986-இல், 13ஆம் குரோமோசோமில் அந்த மரபணு கையில் சிக்கியது. பாஸ்டனில் கண் மருத்துவர் டிரைஜாவும், வெய்ன்பெர்க் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஃபிரெண்டும் சேர்ந்து பிடித்தார்கள். ஆர்.பி. என்று பெயர். மனிதர்களில் ‘வளர்ச்சியைத் தடுக்கும் மரபணு’ என்ற வகையில் முதன்முதலாகக் கிடைத்தது இதுதான்.

அது செய்யும் வேலையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். செல் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கத் தேவையான மரபணுக்களைத் திறப்பது இ2எஃப் என்ற புரதம். ஆர்.பி. புரதம் அந்த இ2எஃப்-ஐப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. பிடித்திருக்கும் வரை செல் நிற்கும். வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வருகிறது என்று வையுங்கள். செய்தி ஏற்பியில் அமர்கிறது, ராஸ் என்ற புரதம் விழிக்கிறது, சங்கிலியாகச் செய்தி உள்ளே ஓடுகிறது, சைக்ளின்-டி என்ற புரதம் உண்டாகிறது. அது சி.டி.கே.4 என்ற நொதியோடு கூட்டுச் சேர்ந்து ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஒட்ட ஒட்ட ஆர்.பி.யின் பிடி தளர்கிறது. இ2எஃப் விடுபடுகிறது. செல் பிரிகிறது. பிரிந்து முடிந்ததும் பாஸ்பேட் கழன்று, மறுபடி பிடி இறுகுகிறது. ஆக, வெளியுலகம் ‘வளர்’ என்று சொல்வதெல்லாம் கடைசியில் இந்த ஒரு பிடியைத் தளர்த்தத்தான். ஆர்.பி. இல்லாத செல்லுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அது கேட்பதும் இல்லை.

அந்த வளர்ச்சிச் செய்தி முதலில் பிடிபட்ட கதையிலும் கண் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஸ்டான்லி கோஹன் என்பவர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். எலிக்குஞ்சு கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். இவை ஒரு வாரத்திலேயே திறந்தன. வேறொருவராக இருந்தால் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இவர் விடவில்லை. அந்தச் சாற்றில் இருந்த புரதத்தைப் பிரித்தெடுத்தார். மேல்தோல் வளர்ச்சிக் காரணி, ஈ.ஜி.எஃப். 1986-இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆர்.பி. மரபணு கிடைத்த அதே ஆண்டு, பாருங்கள்!

இப்போது லென்ஸில் நின்றுபோன கேள்விக்குத் திரும்பலாம். 1994-இல் ஆர்.பி. அறவே இல்லாத எலிக்கருவை ஆராய்ந்தார்கள். லென்ஸின் நார்ச் செல்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொண்டே போயின. ஒழுங்காக நாராகவும் முடியவில்லை. இந்த அலங்கோலத்தை உணர்ந்த இன்னொரு காவல் மரபணு, பி53, அவற்றைச் சாகடித்தது. நிற்காத செல் தொழில் கற்காது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா? குழந்தையின் விழித்திரையிலும் இதே கதைதான். நிறம் காட்டும் கூம்புச் செல்லாக முதிர்ந்திருக்க வேண்டிய இளஞ்செல் ஒன்று, ஆர்.பி.யை இழந்து, முதிராமல் பெருகத் தொடங்கிவிடுகிறது.

இங்கே கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய் வந்த வீடுகளில் முதல் குற்றவாளி தாய்தான். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பார்கள். பப்பாளி தின்றாள் என்பார்கள். படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாக, மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்பார்கள். சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. இரண்டு பிரதியும் பழுதாகப் பிறந்தால் வரும் நோய்கள் அவை. இந்தக் கணக்கு வேறு. பரம்பரை வகையில்கூடப் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பழுது புதிதாக உண்டானது; பெற்றோர் இருவரின் மரபணுவும் சுத்தமாக இருக்கும். படியெடுக்கும்போது விழுந்த ஒரு பிழை. அதற்கு அந்தப் பெண்ணைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அதே சமயம், குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பழுதோடு பிறந்து, நோயை வென்று வளர்ந்து, நாளை கல்யாணம் செய்துகொள்கிறவர், தம் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைக் கொடுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவருக்கே பின்னாளில் எலும்புப் புற்றுநோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே எந்தக் குழந்தையின் பழுது விழித்திரையோடு நின்றது, எந்தக் குழந்தைக்கு உடம்பெங்கும் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது முக்கியம். அதற்காக ஆர்.பி. மரபணுவைப் புதிய முறையில் வரிசைப்படுத்திப் பழுதைத் தேடும் வழியை அரவிந்த் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2015-இல் வெளியிட்டார்கள். இரத்த மாதிரியை எடுத்து, 27 துண்டுகளாகக் கிடக்கும் அந்த மரபணுவைப் படித்துப் பார்க்கிறார்கள். பிறந்த தம்பிக்கோ தங்கைக்கோ அந்தப் பழுது இல்லை என்று தெரிந்தால், மாதாமாதம் மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைச் சோதிக்கும் பாடு அந்தப் பிள்ளைக்கு இல்லை.

கண்ணை விட்டு ஒரு கணம் வெளியே போகிறேன், ரொம்ப தூரம் இல்லை, திண்டுக்கல் வரைக்கும். ஆர்.பி.யைப் பிறவிப் பழுதால்தான் இழக்க வேண்டும் என்பதில்லை. களவும் போகும். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸுக்குத் தன்னைப் படியெடுக்கச் சொந்த இயந்திரம் போதாது. செல்லின் இயந்திரம் வேண்டும். அது தன்னைப் பெருக்கிக்கொள்ளும் செல்லோ தொழில் கற்றுப் பெருகுவதை நிறுத்திய செல். இயந்திரம் ஓய்ந்து கிடக்கிறது. வைரஸ் என்ன செய்கிறது? இ7 என்று ஒரு புரதத்தை அனுப்புகிறது. அது நேராகப் போய் ஆர்.பி.யைப் பிடித்துக்கொள்கிறது. இ2எஃப் விடுதலை! பி53 வந்து செல்லைக் கொன்றுவிடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். வைரஸும் அதை யோசித்திருக்கிறது. இ6 என்ற இன்னொரு புரதம் பி53-ஐத் தீர்த்துக்கட்டுகிறது. நம் விஞ்ஞானிகள் எண்பதுகளில் கண்டுபிடித்த தடை மரபணுக்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று வைரஸுக்கு எத்தனையோ காலமாகத் தெரியும்!

2000-ஆம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்தில் 114 தொகுப்புகளாகக் கிராமங்களைப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிலிக்கை மருத்துவமனையினரும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் சங்கரநாராயணனும் அதில் முன்னின்றவர்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த வினிகர் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். அவ்வளவுதான் சோதனை. 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. மூலக்கூறு உயிரியல் எல்லாம் அமெரிக்காவில் நடக்கும் காரியம் என்று நினைப்பவர்கள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஏன் வெளுக்கிறது? கோளாறான செல்லில் உட்கரு பெரிதாக, நெருக்கமாக இருக்கிறது. அமிலம் பட்டதும் அதன் புரதம் சற்று நேரம் திரண்டு ஒளியைத் தடுக்கிறது. பெரிய உட்கரு என்றதும் அரவிந்தின் இன்னொரு வேலை நினைவுக்கு வருகிறது. கருவிழியின் மேற்பரப்புச் செல்கள் தினமும் உதிர்கின்றன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் மேற்பரப்பே புதிதாகிவிடும். கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் வழங்குநர்கள். சுண்ணாம்பு தெறித்துக் கண் வெந்துபோனவர்களுக்கு அந்த விளிம்பு செத்துவிடுகிறது. வெள்ளைவிழித் தோல் கருவிழி மேல் ஏறிப் பார்வையை மூடுகிறது. அந்த விளிம்பில் எது ஸ்டெம் செல், எது அதன் பிள்ளை? பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்குமே! செல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரிய உட்கரு, கூடவே பி63 என்ற மரபணுவின் புரதம் நிறைய, இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் சிறு கூட்டமே அது என்று 2005-இல் முத்துக்கருப்பனும் மருத்துவர்களும் காட்டினார்கள். கவனியுங்கள், ஸ்டெம் செல்லின் பெருமை வேகமாகப் பெருகுவதில் இல்லை. பெரும்பாலும் அது சும்மா இருக்கிறது. ஓட்டமெல்லாம் பிள்ளைகளுக்கு.

இரத்தக் குழாய்களைப் பற்றி ஒரு சேதி சொல்லிவிட்டு முடிக்கிறேன். குழாய்ச் செல்களுக்கும் வரம்பு வேண்டும். கருவிழியில் இரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் பார்க்க முடியாது. அதனால் அங்கே ஒரு பொருளை வைத்து, குழாய் ஒன்று முளைத்து வந்தால், அதை அழைத்தது அந்தப் பொருள்தான் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். இந்தச் சோதனையை எலியின் கருவிழியில் செய்யும் முறையை 1979-இல் முத்துக்கருப்பனும் விஸ்கான்சினின் ராபர்ட் அவர்பாக்கும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். புற்றுக்கட்டி குழாய்களை எப்படி வரவழைக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் உலகெங்கும் அதைக் கையாண்டார்கள். குழாயை அழைக்கும் முக்கியச் செய்தி வி.ஈ.ஜி.எஃப். என்பது பிறகு தெளிவாயிற்று. சரி, கருவிழியும் உயிருள்ள திசுதானே, அங்கே குழாய் ஏன் வருவதில்லை? வேலூரில் பிறந்த பாலமுரளி அம்பாட்டியும் கூட்டாளிகளும் 2006-இல் விடை சொன்னார்கள். கருவிழி, வி.ஈ.ஜி.எஃப். ஏற்பியின் ஒரு துண்டைத் தனியாக உண்டாக்கி வைத்திருக்கிறது. செல்லில் ஒட்டாத துண்டு. வருகிற செய்தியையெல்லாம் அது வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. அமெரிக்கக் கடற்கரையில் மானட்டி என்று ஒரு பிராணி. அதன் கருவிழியில் மட்டும் குழாய்கள் உண்டு, அந்தத் துண்டு இல்லை. அதன் உறவினர், நம் பாக் விரிகுடாவில் கடற்புல் மேயும் ஆவுளியாவின் கருவிழியோ தெளிவு, துண்டு இருக்கிறது!

சர்க்கரை நோயில் விழித்திரைக்கு ஆக்சிஜன் குறையும்போது அது வி.ஈ.ஜி.எஃப்.ஐ விட்டுக் கத்துகிறது. பலவீனமான குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. உங்கள் பெரியப்பாவுக்கு இன்று கண்ணில் போடும் ஊசி, கருவிழி எப்போதும் செய்துவருகிற அதே தந்திரம்தான்: செய்தியை வழியில் பிடிப்பது.

செய்தியைப் பிடிக்க மருந்து இருப்பதுபோல, ஆர்.பி.யின் பிடியையும் மருந்தால் இறுக்க முடியுமா? முடிந்திருக்கிறது. சி.டி.கே.4 நொதியைத் தடுத்தால் பாஸ்பேட் ஒட்டாது, பிடி தளராது. பால்போசிக்லிப் என்ற அந்த மருந்து 2015-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இங்கும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ஆனால் பிடிப்பவர் இருந்தால்தானே பிடியை இறுக்க முடியும்? ஆர்.பி.யையே இழந்துவிட்ட குழந்தையின் கண்ணுக்கு அந்த மருந்து உதவாது. அங்கே கீமோதெரபியும் லேசரும் உறையவைக்கும் சிகிச்சையும், முற்றிவிட்டால் கண்ணை எடுப்பதும்தான் இன்றைக்கும் வழி. எந்த வழி என்பதை முடிவுசெய்வது, எத்தனை சீக்கிரம் அந்த வெள்ளைக் கண்பாப்பாவை ஒருவர் கவனித்தார் என்பது. கேள்விகள் இருந்தால் எழுதிக் கொடுங்கள், பதில் சொல்கிறேன்.